பனித்திட்டு மதிலில் ஒரு சிலந்தி

விடிவதற்கு முன்பே திருச்சியில் பேருந்து ஏறி, விழுப்புரத்தில் மாறி, வில்லியனூரில் இறங்கியபோது காலை எட்டரை. இடுப்பு கழன்றுவிட்டது. ஒரு பூச்சியைப் பார்க்க இந்த வயதில் இத்தனை தூரம் போவார்களா என்று என் மகள் கேட்டாள். போவார்கள். அது என் கணவர் வரைந்த பூச்சி.

அவர் சுவரில் வரைகிறவர். கடைப் பெயர், கட்சிச் சின்னம், கோயில் மதிலில் சாமி, எது கிடைத்தாலும் சரி. நான் நூலகத்தில் வேலை பார்த்தேன். எங்களுக்குப் பலகை எழுத வந்தவர், மேசையில் கிடந்த மேல்நாட்டு ஓவியப் புத்தகம் ஒன்றைப் புரட்டினார். பழைய காலத்துப் பழத்தட்டு ஓவியம், பழத்தின் மேல் ஓர் ஈ. அதைக் கையால் விரட்டினார். போகவில்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அசடு வழியச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் விழுந்தவள்தான். அதற்குப் பிறகு அவர் வரைந்த எதிலும் கையெழுத்துக்குப் பதில் ஒரு சின்ன உயிர் இருக்கும். எறும்பு, பொன்வண்டு, வெட்டுக்கிளி.

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. காகிதத்தில் ஒன்றும் வரைந்து வைக்கவில்லை. பலகைகள் இருந்த இடத்தில் பிளெக்ஸ் வந்துவிட்டது, சுவர்களுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். அவருடன் வேலை பார்த்த நண்பர்தான் சொன்னார், பனித்திட்டில் ஓர் அம்மன் கோயில் மதில் மட்டும் இன்னும் இருக்கலாம் என்று. அவர் கை போட்ட ஒரே ஒரு கோட்டைப் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

வில்லியனூரில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. பிறகு பாகூர் பேருந்து, பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் இருபது ரூபாய். ஜன்னலுக்கு வெளியே கரும்பும் நாற்றங்காலும் மாறி மாறி வந்தன. பாகூரில் வெயில் ஏறும்வரை பழைய கல்கோயிலைச் சுற்றினேன். அடித்தளத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வரிசையாகச் சின்னச் சின்னச் சிற்பங்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்க்க அவர் என்னை விட்டதே இல்லை. "கீழ பாரு, தூணோட காலப் பாரு, பல்லி இருக்கும், தேள் இருக்கும்" என்று எந்தக் கோயிலிலும் என்னைக் குந்தவைத்துவிடுவார். இன்றும் தானாகவே குந்தினேன். ஒரு நடனக்காரியின் கணுக்காலில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. நிஜ எறும்பு. அதையும் சிற்பம் என்று அடித்துச் சொல்லி என்னை நம்பவைத்திருப்பார். பக்கத்தில் ஆள் இல்லாததுதான் பெரிய குறை.

அங்கிருந்து ஆட்டோ. போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய்.

"பனித்திட்டா? இப்ப மீனு கெடைக்காதும்மா. தடைக்காலம்."

"மீனுக்கு இல்லப்பா. கோயிலுக்கு."

"அங்க இன்னா கோயிலு கீது, இம்மாந்தூரம் வந்து பாக்க?" என்று சிரித்தார் ஓட்டுநர்.

படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. தடை முடிய இன்னும் சில நாள்தான் என்பதால் வீட்டு வாசலெல்லாம் வலை. கோயிலை நெருங்கியதுமே பெயிண்ட் வாசனை அடித்தது. நடையை எட்டிப் போட்டேன். ஓர் இளைஞர் ஸ்டூல் மேல் நின்று அம்மனின் புடவைக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தார். என் கணவர் வரைகிற அம்மன் கொஞ்சம் சிடுசிடுவென்று இருப்பாள், என்னைப் பார்த்துத்தான் வரைந்தேன் என்பார். இவள் சினிமாக்காரி மாதிரி சிரித்தாள்.

மதிலின் அடியில், அவர் வழக்கமாகப் பூச்சி வைக்கும் வலது மூலையைப் பார்த்தேன். நீலப் பின்னணியில் ஒரு கறுப்புச் சிலந்தி. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் குங்குமம். மேலே ஓர் ஆணியில் புது நைலான் வலைத்துண்டும் மல்லிகைச் சரமும்.

"அது எங்க சாமிம்மா" என்றார், பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெண். பெயர் அஞ்சலை, என் வயதுதான் இருக்கும். "அதுவும் வல போடுது, நாங்களும் வல போடுறோம். தட முடிஞ்சி கடலுக்கு எறங்கசொல்ல, புது வலய மொதல்ல இதுக்குத்தான் காட்டுவோம். அப்புறந்தான் அம்மனுக்கே."

"யாரு வரஞ்சாங்க?"

"யாரு கண்டா? சுனாமிக்கு அப்புறம் மதிலு கட்டசொல்ல அம்மனோட கூட வந்துச்சி."

மனிதர் விளையாட்டாக வைத்த கையெழுத்துக்கு இங்கே பூஜை நடக்கிறது! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இந்தச் சுவத்த என் வீட்டுக்காரர்தான் வரஞ்சார்" என்றேன்.

"அப்பிடியா! அவரு வரலியா?"

இனி வரமாட்டார் என்று தலையாட்டினேன். அஞ்சலை வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் கவனித்தேன், சிலந்திக்கு ஆறு கால். ஆறு கால் போடுகிறவனோடு என் கணவர் சண்டைக்கே போவார். பெயிண்டரைக் கேட்டேன். "முன்னாடி பூசினவரு எப்பிடி வெச்சாரோ அதும்மேலயே நானும் பூசிட்டேன்மா. வருசா வருசம் பூசறதுதான." ஆக, கண்ணுக்குத் தெரிந்த எந்தக் கோடும் அவருடையது இல்லை. தாமதமாக வந்துவிட்டேன்.

"தொட்டுக் கும்புடும்மா" என்றார் அஞ்சலை. "அந்த எடம் காஞ்சிடுச்சி."

தொட்டேன். என் கணவர் எனாமலை நீர்க்கக் கரைக்கிற ஆள் இல்லை, கோடு தடித்து நிற்கும். பூச்சுகளுக்கு அடியில் அது இன்னும் மேடாக இருந்தது. ஒவ்வொரு காலாக விரலை ஓட்டினேன். ஆறும் முடிந்தபின், வெறும் நீலம் மட்டும் தெரிந்த இடத்தில் விரல் மறுபடி தட்டியது. மெல்லிய ஒரு மேடு, நடுவில் மடிந்து கீழே இறங்கியது. எதிர்ப்பக்கமும் அதேபோல ஒன்று. இந்த இரண்டு கால்களையும் பின்னால் வந்த எவரும் பார்க்கவில்லை.

"இன்னாம்மா தடவுற?" பெயிண்டர் இறங்கி வந்தார். அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். "அட, ஆமா! வரஞ்சிடட்டுமா?"

"வேணாம் தம்பி. இன்னும் ஒரு பூச்சு ஏறினா இதுவும் நெரவிடும்."

அடுத்த வருடம் எப்படியும் ஏறத்தான் போகிறது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் தூரிகையைக் கீழே வைத்தார்.

வீட்டில் என் கணவருடைய புகைப்படத்தைத் தினமும் துடைக்கிறேன். எவ்வளவு துடைத்தாலும் கைக்கு வருவது கண்ணாடிதான். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை அடித்தார். விரலை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.