காந்தள் மாத்திரை

மாதக் கிருத்திகைதோறும் குன்றத்தூர் மலைப்படிகளில் எங்கள் பாராயணக் குழுவுக்கு முதற்குரல் என்னுடையது. இரண்டாம் குரலுக்குரிய ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, என் தொண்டை கெடும் நாளுக்காகப் பல்லாண்டுகளாகப் பொறுமையோடு காத்திருந்தார். கெட்டது தொண்டையன்று, கால் பெருவிரல். கிருத்திகைக்கு நான்கு நாள் இருக்கையில் அது சிவந்து வீங்கியது. போர்வை நுனி பட்டாலும் உயிர் போயிற்று.

யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்திருப்பதாகத் தாம்பரத்து மருத்துவர் அம்மையார் சொன்னார். ரசாயன மாத்திரை வேண்டாமே என்றேன், மருத்துவ நூல் எதையும் தொட்டிராத துணிச்சலோடு.

"அந்தப் படிகத்தைத் தின்ன வெள்ளணு படையா வருது சார், அதான் வீக்கம். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் எலும்புக்கூடு மாதிரி ஒண்ணு இருக்கு, மெல்லிசா இழையும் குழாயுமா. செல்லுக்கு வடிவம் குடுக்கிறது, உள்ள சரக்கு போக ரோடு போடறது, நகர வைக்கிறது எல்லாம் அதுதான். குழாயைத் தேவைக்குக் கட்டும், உடனே பிரிக்கும். இந்த மாத்திரை கட்ட விடாது. வெள்ளணு வழி தெரியாம நின்னுடும்."

பெருங்களத்தூரில் ஆண்டுக்கணக்காகச் சாரம் பிரிக்காத அடுக்ககத்தில் குடியிருப்பவன் நான். கட்டியதை உடனே பிரிக்கும் ஒப்பந்தக்காரர் என் உடம்புக்குள் இருப்பதை நம்ப முடியவில்லை.

"ரசாயனம்னு பயப்படாதீங்க. உங்க முருகன் பூதான் சார். செங்காந்தள் விதையிலேர்ந்து எடுக்கிறது."

காந்தள் சூடியவனை நாற்பது ஆண்டுகளாகப் பாடுகிறேன். அந்தச் செடியை என் வாசலில் நட்டிருந்தாலும் அடையாளம் தெரியாமல் களையென்று பிடுங்கியிருப்பேன். வெட்கத்தைப் பக்தியாக மாற்றிக்கொள்வது எங்கள் குழுவின் பழைய பயிற்சி. மாத்திரை அட்டையை வேலவன் படத்தின்முன் வைத்துத் திருநீறு சாத்தினேன். வேளைக்கு ஒன்று என்பது மருந்துச் சீட்டு. வேளைக்கு இரண்டு என்பது என் அன்பு.

கிருத்திகை விடியலில் விரல் குழந்தையின் விரலாகியிருந்தது. வயிறுதான் என்னைக் கழிவறையிலிருந்து வெளியே விடவில்லை. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

"குடல் உள்தோல் செல்லு ஓயாம ரெண்டா பிரிஞ்சு புதுசாகணும். பிரியறதுக்கும் அதே குழாய்தான் வேணும். அங்கயும் கட்ட விடாம பண்ணிட்டீங்க. மீதியைத் தொடாதீங்க, உடனே கிளம்பி வாங்க. இது அதிகமானா உயிருக்கே ஆபத்து. உங்க கோயில்ல பிரசாதம் கொஞ்சமாத்தானே சார் தருவாங்க?"

ஆட்டோவுக்குக் காத்திருக்கையில் மலையிலிருந்து வங்கி அதிகாரி அழைத்தார். "அண்ணா, நீங்க கேட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று கைப்பேசியை முன்னால் பிடித்துக்கொண்டு பாடினார். வழக்கமாகச் சுருதி விலகும் இடத்தில் அன்று விலகவில்லை. நன்றாயிருந்தது என்று சொல்லி அவசரமாகத் துண்டித்தேன். அவசரத்துக்குப் பொறாமை மட்டும் காரணமன்று.