நர்சம்மாவின் கடியாரமும் சங்கையாவின் நட்சத்திரமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்துத் தெருவில் வேதசிரோமணி குடிவந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் அவள் பார்த்த பிரசவம் ஒன்றே ஒன்று. அதுவும் பக்கத்து வீட்டு ஆடு. அவளைக் கேட்காமலே குட்டி போட்டுவிட்டு எழுந்து போய்விட்டது.

இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள், அழுது முடித்த கையோடு மதுரைக்குப் போய் வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் பதினெட்டு மாதம் பேறுகாலம் பார்க்கப் படித்தாள். படிப்பு முடிந்து ஊருக்கு வந்தபோது அவளிடம் இருந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு தோல்பை, சட்டம் போட்ட சர்ட்டிபிகேட், ரவிக்கையில் ஊசி குத்தித் தொங்கவிட்ட ஒரு கடியாரம். தர்மாஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கொடுத்திருந்தார்கள். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லியிருந்தார்கள். வருஷக் கடைசிவரை யாரும் பிரசவத்துக்குக் கூப்பிடாவிட்டால் அந்த வேலையே எடுபட்டுவிடும்.

ஊர் ஏன் கூப்பிடும்? தெருவுக்கு ஒரு மருத்துவச்சி இருக்கும்போது, பையில் கத்தரிக்கோல் வைத்திருக்கிறவளை யார் வீட்டுக்குள் விடுவார்கள்? அவள் கை கழுவுகிற கழுவலைப் பார்த்தே பாதிப் பேர் பயந்துபோனார்கள். "பெத்துப் பொழைக்கப்போறவ வீட்டுல எதுக்கு இம்புட்டுச் சோப்பு?" என்று தண்ணீர்த் துறையில் பேச்சு. தானே ஒரு பிள்ளை பெறாதவள் அடுத்தவளுக்கு என்னத்தைப் பார்ப்பாள் என்றும் சொன்னார்கள். இது வேதசிரோமணியின் காதுக்கு வந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

கடைசியில் அவளைக் காப்பாற்றியது ராஜபாளையத்து ஜவுளிக் கடைக்காரர் பக்கீர் முகமதுவின் வாய். அவர் மனைவி நூர்பானுவுக்கு வலி எடுத்த அன்று, வழக்கமாக வருகிற மருத்துவச்சி காய்ச்சலில் படுத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் வண்டி அனுப்பினார்கள். வேதசிரோமணி படித்த பாடப்படி நூர்பானுவின் வயிற்றில் கை வைத்து, கடியாரத்தைப் பார்த்து, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் எத்தனை நிமிஷம் என்று எண்ணினாள். எண்ணி முடித்ததும், "இப்ப ஒரு வலி வரும் தாயி, பயப்படாதீங்க" என்றாள். வலி வந்தது. மறுபடி கடியாரத்தைப் பார்த்து, "இந்தா, இப்ப வரும்" என்றாள். மறுபடியும் வந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் பதைபதைத்துக்கொண்டு நின்ற பக்கீர் முகமது இதை ஏழெட்டுத் தடவை கேட்டார். யாவாரி அல்லவா, கணக்குப் போட்டுவிட்டார். நர்சம்மா கடியாரத்தைப் பார்த்தால் வலி வருகிறது. ஆகவே வலியைக் கூப்பிடுவது கடியாரம். பெண்குழந்தை சுகமாகப் பிறந்தது. மறுநாளிலிருந்து அவர் கடையில் சேலை எடுக்க வந்தவர்களெல்லாம் சேலையோடு இந்தச் செய்தியையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் வேதசிரோமணிக்கு உட்கார நேரமில்லை. ராஜபாளையத்துத் தெலுங்குக்காரத் தெருவில் அவளை 'நர்சம்மகாரு' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, வாசலிலேயே "கடியாரம் கொண்டாந்தீங்களா?" என்று விசாரித்தார்கள். ஒரு மாமியார் இன்னும் ரெண்டு முறுக்கு சாவி கொடுத்தால் வெள்ளென முடியுமே என்று ஆலோசனை சொன்னாள். வலி பொறுக்காத ஒரு பெண் அதைச் செத்த நேரம் துணியில் சுற்றி வைக்கச் சொல்லிக் கும்பிட்டாள். ஒருத்தர், "நீங்க அலைய வேண்டாம்மா, கடியாரத்த மட்டும் குடுத்துவிடுங்க" என்று ஆளே அனுப்பினார். "கடியாரம் வலியக் கூப்பிடலைங்க, வார வலிய எண்ணத்தான் வச்சிருக்கேன்" என்று அவளும் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்குப் பொய் வராது. மதுரையில் பரீட்சை எழுதும்போது பக்கத்துப் பெண் முணுமுணுத்த ஒரு விடையை எழுதிவிட்டு, மறுநாள் தானே போய் ஒப்புக்கொண்டு ரெண்டு மார்க்கைத் திருப்பிக் கொடுத்தவள். ஆனால் யார் கேட்டார்கள்? தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்படி இருக்கையில் ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலையில் சுந்தரபாண்டியத்திலிருந்து வில்வண்டி வந்தது. சுடலையம்மாள் என்ற, பயிர் பண்ணுகிற சம்சாரி வீட்டுக்காரியின் மகள் இருளம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வேதசிரோமணி போய் இறங்கியதும் முதலில் எதிரே வந்தது பிள்ளைத்தாய்ச்சியின் அண்ணன் சங்கையா. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலை மாடு ரெண்டும் முரண்டு பிடித்தால் ஒற்றைக் கையால் வடத்தைப் பிடித்து நிறுத்துகிற ஆள். அன்றைக்கு அவன் முகம் வெளுத்துக் கிடந்தது.

"நர்சம்மா, ஒங்க கடியாரத்த நாலு மணிவரைக்கும் நிப்பாட்டி வைக்கணும்."

"எதுக்கு?"

"இப்ப ரோகிணி நடக்குது. நாலு மணிக்குத்தான் மிருகசீரிடம் பொறக்குதுன்னு ஜோசியர் சொல்லிட்டுப் போயிட்டாரு. ரோகிணில ஆம்பளப் பிள்ள பொறந்தா தாய்மாமன் உசுருக்கு ஆகாதாம்."

"தாய்மாமன் யாரு?"

"நாந்தான்" என்றான் சங்கையா.

வேதசிரோமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடியாரம் நின்றாலும் பிள்ளை நிற்காது என்று எடுத்துச் சொன்னாள். சங்கையா யோசித்தான். அவனும் நியாயஸ்தன்தான். "சரிம்மா. பொம்பளப் பிள்ளன்னா இப்பமே வரச் சொல்லுங்க, நான் தடுக்கல. ஆம்பளப் பயன்னா மட்டும் நாலு மணிவரைக்கும் இருக்கச் சொல்லுங்க" என்றான்.

"அவன் கெடக்கான், நீங்க உள்ள வாங்கம்மா" என்று சுடலையம்மாள் சத்தம் போட்டாள். "அந்த ஜோசியன் எனக்குப் பத்து ஆம்பளப் பிள்ளன்னு சொன்னவன். நீங்க சாவிய நல்லா முறுக்கி விடுங்க, எம் மக பெத்து எந்திரிக்கட்டும்."

சங்கையா விடவில்லை. கடியாரத்தில் நாலு மணி எது என்று காட்டச் சொன்னான். நாலு குச்சி போட்ட இடத்தைக் காட்டி, சின்ன முள் அங்கே வந்து பெரிய முள் உச்சிக்குப் போனால் நாலு என்று சொல்லிவிட்டு வேதசிரோமணி உள்ளே போனாள். அவன் முற்றத்தில் வைக்கோல் படப்பின் நிழலில் குந்தினான். நிழல் நகர நகர அவனும் கூடவே நகர்ந்து உட்கார்ந்தான்.

ரெண்டு மணிவரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. வழி முழுக்கத் திறந்துவிட்டது. வலியும் நன்றாக வந்தது. ஆனால் பிள்ளை இறங்கவில்லை. ஒரு தலைப்பிரசவக்காரிக்கு இவ்வளவு நேரம் ஆகலாம் என்று வேதசிரோமணி முதலில் நினைத்தாள். பிறகு இருளம்மாளின் முகத்தைக் கவனித்தாள். வலி வரும்போதெல்லாம் அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு, தொடைகளை இறுக்கி, முக்காமல் கிடந்தாள்.

"ஏட்டி, என்ன பண்ணுத?" என்றாள் வேதசிரோமணி.

"நான் இப்பப் பெறலம்மா. நாலு மணிக்குப் பெறுதேன்."

இருளம்மாளுக்கு நாலு வயதிருக்கும்போது அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து அவளைத் தோளில் தூக்கிச் சுமந்தவன் சங்கையா. தன் பங்குக் கஞ்சியில் பாதியை அவளுக்கு ஊற்றினான்; அவளைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தான். அந்த அண்ணனைத் தன் பிள்ளை முழுங்கிவிடக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வேதசிரோமணி மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள். கடியாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். காலையில் நிமிஷத்துக்கு நூற்று நாற்பது துடித்த குழந்தையின் நெஞ்சு நூற்றுப் பத்துக்கு வந்திருந்தது. அடுத்த வலிக்குப் பிறகு எண்ணினால் தொண்ணூறு. மணி மூன்று. இன்னும் ஒரு மணி நேரம் இந்தக் குழந்தை தாங்காது.

அவள் கெஞ்சினாள், அதட்டினாள். நட்சத்திரமெல்லாம் ஆண்டவர் படைத்த விளக்கு, அதற்கு ஆளைக் கொல்லத் தெரியாது என்று சுருக்கமாகப் பிரசங்கமும் பண்ணினாள். சுடலையம்மாள் மகளின் காலைப் பிடித்து அழுதாள். இருளம்மாள் ஒரே பேச்சில் நின்றாள்: "நாலு ஆயிருச்சுன்னு எங்கண்ணன் சொல்லட்டும். பொறவு முக்குதேன்."

வேதசிரோமணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். 'ஆண்டவரே, இதப் பத்தி நாம பொறவு பேசிக்கிடலாம்' என்று மனசுக்குள் சொன்னாள். சாவியைப் போட்டு முள்ளைத் திருகினாள். ஒரு மணி நேரம் அவள் கையில் ஒரு சுற்றில் கழிந்தது. கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு வந்து, உரலை ஒட்டிக் குந்தியிருந்த சங்கையாவின் முகத்துக்கு நேரே கடியாரத்தை நீட்டினாள்.

"பாரும். நாலு அடிச்சு அஞ்சு நிமிசம். உம்ம தங்கச்சிகிட்ட சொல்லும்."

சங்கையா கடியாரத்தைப் பார்த்தான். சின்ன முள் நாலு குச்சியில் நின்றது. அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு முற்றத்தைப் பார்த்தான். தோள் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினான்:

"தாயி இருளம்மா! நாலு ஆயிருச்சு! ரோகிணி போயிருச்சு தாயி, பெத்துப் போடு!"

அவ்வளவுதான். அடைத்து வைத்த மடையைத் திறந்தது மாதிரி இருளம்மாள் முக்கினாள். நாலாவது வலியில் தலை வந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. வேதசிரோமணி அதை விரலால் நெம்பி எடுத்துவிட்டு, நீலம் பாரித்துக் கிடந்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். முதல் தட்டுக்கு ஒன்றுமில்லை. ரெண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதுக்குப் பயல் வீல் என்றான். தெருவில் கேட்டவர்கள் எத்தனை பெரிய வாய் என்று மெச்சினார்கள்.

"ஆம்பளப் பயடா!" என்று சுடலையம்மாள் வெளியே பார்த்துக் கூவினாள். சங்கையா மாட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். கண்டம் தப்பிய நிம்மதி என்று வேதசிரோமணி நினைத்துக்கொண்டாள்.

ஜோசியர் மிருகசீரிடம் என்று ஜாதகம் எழுதினார். வேதசிரோமணி ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் பிறந்த நேரம் மூன்று மணி இருபத்தைந்து நிமிஷம் என்று எழுதினாள். ஒரே பிள்ளைக்கு ரெண்டு நட்சத்திரம். அவளால் அதற்கு மேல் பொய்யை நீட்ட முடியவில்லை.

பிறகு வந்த சேதிகள்தான் அவளைக் குடைந்தன. சங்கையா கிணற்றில் இறங்குவதில்லையாம். வேப்பமரத்தில் குழை ஒடிக்க ஏறுவதில்லையாம். வாய்க்காலில் முழங்காலளவு தண்ணீர் வந்தாலே ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறானாம். நல்ல காளை ஒன்றை, முட்டிவிடும் என்று பயந்து மச்சானுக்கு ஓட்டிவிட்டுவிட்டானாம். ஆனால் மருமகனை மட்டும் தோளை விட்டு இறக்குவதில்லையாம். நட்சத்திரம் தப்பிய மனுஷனுக்கு ஏன் இத்தனை பயம்? ஆஸ்பத்திரிப் புத்தகத்தைப் பார்த்த யாரோ அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்கள் என்று வேதசிரோமணிக்குத் தோன்றியது. அப்படியானால் தன் கடியாரத்தை இனி ஒரு வீடும் நம்பாது. அதைவிட, தன்னை நம்பிய ஒருத்தனை ஏமாற்றியது அவளை உறுத்தியது. வேதக்கோயிலில் பாட்டுப் பாடும்போதெல்லாம் அந்த நாலு குச்சி கண்ணில் வந்து நின்றது.

மறு வருஷம் பயலுக்குக் காதுகுத்து. அவளையும் அழைத்திருந்தார்கள். முறைப்படி சங்கையா மருமகனை மடியில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியைத் தீட்டிக்கொண்டிருந்தார். இனிப் பொறுக்க முடியாது என்று வேதசிரோமணி அவன் பக்கத்தில் குனிந்து மெல்லச் சொன்னாள்:

"சங்கையா, என்னைய மன்னிக்கணும். அன்னைக்கு நாலு ஆகல. முள்ளத் திருப்பி வச்சது நாந்தான்."

சங்கையா நிமிரக்கூட இல்லை. பயலின் தலையைக் கோதிக்கொண்டே, "தெரியும்மா" என்றான்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? படப்பு நெழலு ஒரல்ல விழுந்தா மூணு மணி. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டுத நேரம். நீங்க கடியாரத்தக் காட்டயில அந்த நெழலுலதான குந்தியிருந்தேன்."

"தெரிஞ்சுமா நாலு ஆயிருச்சுன்னு கத்துனீரு?"

"ஒங்க மூஞ்சியப் பாத்தேன். உள்ள ஒண்ணும் சரியில்லன்னு வெளங்கிருச்சு. எனக்காக அவ பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கா. அவளுக்காக நான் ஒரு பொய் சொல்லக் கூடாதா?"

"அப்ப அந்த ரோகிணிய நீரு நம்பலையா?"

"நல்லா நம்புதேன்மா. இப்பவும் நம்புதேன்" என்றான் சங்கையா. "அதனாலதான பாத்துப் பாத்து நடக்கேன். பயலுக்குக் கல்யாணம் முடியுற வரைக்குமாச்சும் இருக்கணும்லா."

சொல்லிவிட்டுப் பயலின் தலையைத் தன் நெஞ்சோடு அசையாமல் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ஆசாரி காதில் ஊசியை இறக்கினார். பயல் வீல் என்று கத்தி மாமன் வேட்டியை நனைத்தான். கூடியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், வேதசிரோமணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், பயலைவிடப் பெருங்குரலில் சங்கையா அழுதான்.