முக்கியமாக ஒன்றுமில்லை

சட்டம் படித்த இரண்டாம் வருட விடுமுறையில், வசதியில்லாத கைதிகளின் மேன்முறையீடுகளை நடத்தும் ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சிங்களம் வாசிப்பீரா என்று அங்கிருந்த சட்டத்தரணி அம்மா கேட்டபோது ஓம் என்றேன். வெள்ளவத்தைக் கடைகளில் தினமும் கதைக்கிற மொழிதானே என்ற திமிர்.

முதலில் தந்தது, கொட்டாஞ்சேனையில் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் இரவு நடந்த கொலை வழக்கு. மரண தண்டனை, கண்கண்ட சாட்சி ஒருவர்தான். அவருடைய சிங்களச் சாட்சியத்தைப் பக்கம் பக்கமாகச் சுருக்கி எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் தட்டச்சு மங்கியிருந்தது. இரண்டு வரிக்கு மேல் எனக்கு ஓடவில்லை. யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு, 'முக்கியமாக ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டுத் தாண்டினேன்.

இரண்டு கிழமை கழித்து, பிரதி எடுக்க வந்த கிளார்க் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். "அந்த நேரம் ஒழுங்கையில் கரண்ட் இல்லை என்று சாட்சியே ஒத்துக்கொண்டிருக்கிறான்" என்று சிங்களத்தில் சாதாரணமாகச் சொன்னார்.

இருட்டில் முகத்தை எப்படிக் கண்டான் என்று கேட்பதைத் தவிர அந்தக் கைதிக்கு வேறு வழியே இருக்கவில்லை. சட்டத்தரணி அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நின்றேன். அவர் ஏசவில்லை.

"இப்பிடி இன்னும் எத்தினை பக்கத்துக்கு எழுதினனீர்?"

எனக்கு நினைவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில், நான் சுருக்கி முடித்த வேறு மூன்று பேருடைய கோப்புகள் இருந்தன.