மாமாவின் ஞானஸ்நானம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, என்னைப் பள்ளியில் சேர்த்த விண்ணப்பம் என்று அதுவரை எங்கள் வீட்டுக் காகிதங்களில் எல்லாம் விழுந்தது கட்டைவிரல்தான். நான் ஒரு வெள்ளைத்தாளின் அடியில் என் பெயரை நானே எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடும் இழுத்தேன். அந்தத் தாள்தான் எங்கள் போதகரை மைசூரை விட்டு அனுப்பியது.

மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். அப்பா கடைகளில் மூட்டை இறக்கினார். அம்மா வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டினாள். தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்திலும் கன்னடம். தமிழ் எழுத்தை நான் சபையின் ஓய்வுநாள் பள்ளியில்தான் கற்றேன். சபையில் எங்கள் சந்துக்காரர்களுக்குக் கடைசி இரண்டு பெஞ்சுகள். முன் பெஞ்சுகளின் முதுகில் நன்கொடை கொடுத்த குடும்பங்களின் பெயர்கள் பித்தளைத் தகட்டில் பளபளக்கும். அந்தக் குடும்பங்கள் வராத ஞாயிற்றுக்கிழமையும் அந்த இடங்கள் காலியாகவே கிடக்கும்.

புதிதாக வந்த போதகர் ஒருநாள் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். அத்தனை தகடுகளையும் தன் கையாலேயே கழற்றி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, கமிட்டிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டார். அதற்கப்புறமும் நாங்கள் பழக்க தோஷத்தில் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்தோம் என்பது வேறு விஷயம். செயலாளர் அந்த டப்பாவை மறக்கவில்லை.

மாமா எங்களோடுதான் இருந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. ஹனூர் பக்கத்தில் அவர்கள் ஊர். அம்மா கல்யாணமாகி ஞானஸ்நானம் எடுத்ததும் ஊரில் எல்லோரும் உறவை அறுத்துக்கொள்ள, மாமா மட்டும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அக்கா பின்னால் மைசூருக்கு வந்துவிட்டாராம். அதனால் அவரையும் ஊரில் சேர்க்கவில்லை. ஆனால் சபைக்குள் அவர் கால் வைத்ததில்லை. வருஷம் தவறாமல் மாதேஸ்வரன் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வருவார்.

நுரையீரல் கெட்டு அவர் பாயில் விழுந்தபோது அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டுமானால் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் மின்சாரச் சுடுகாடு. கொள்ளி வைக்க ஊரிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். போதகரைப் பார்த்து அழுதாள்.

"என்ற தம்பிய அநாதப் பொணமா அனுப்ப மாட்டனுங்கய்யா. எப்படியாச்சும் தண்ணி ஊத்தி எழுதிக்குங்க."

போதகர் அதற்கு இணங்கவில்லை. அவராகக் கேட்க வேண்டும், நாமாக ஊற்றினால் அது வெறும் தண்ணீர் என்று சொல்லிவிட்டார். அம்மா அதை வீட்டில் வந்து சொன்னபோது மாமா படுத்தபடியே சிரித்தார்.

"மாதேஸ்வரன் கோவிச்சுக்குவாரே அக்கா. அவரும் உங்க ஐயாவும் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். நானென்ன, ரெண்டு பேருக்கும் ஆகாதவனா?" சிரிப்பு இருமலாகி நிற்க வெகுநேரம் ஆயிற்று.

கடைசியில் ஒரு மத்தியானம், அம்மா குனிந்து என்னவோ கேட்க, மாமா தலையை ஆட்டினார். அம்மா என்னைப் பார்த்துக் கத்தினாள்: "ஓடு கண்ணு, ஐயாவக் கூட்டியா!"

ஓடினேன். போதகர் ஒரு கல்யாணத்தை முடித்து அப்போதுதான் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து என்னையும் கூட்டிவந்தார். நாங்கள் சந்துக்குள் நுழைந்தபோது அம்மாவின் சத்தம் கேட்டது. உள்ளே மாமாவின் தாடையைச் சுற்றி அப்பா துணியால் கட்டி முடிச்சுப் போட்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன. ஆள் போய்விட்டார் என்று எனக்கே தெரிந்தது.

போதகர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவர் காலைப் பிடிக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் தலையை இடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவர் அப்பாவிடம் சொம்பில் தண்ணீர் கேட்டார். மண்டிபோட்டு, மாமாவின் நெற்றியில் மூன்று தடவை தண்ணீர் தொட்டுவைத்து, பெயரைச் சொல்லி ஜெபித்தார். பதிவேட்டில் மாமாவின் பெயர் ஏறியது; மறுநாள் அவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்தது. பெயர் எழுதிய மரச்சிலுவை வைத்தோம். அம்மா வாராவாரம் ஆராதனை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, செயலாளர் என்னை ஆலயத்தின் பக்கத்து அறையான வெஸ்ட்ரிக்குக் கூப்பிட்டார். கமிட்டிக்காரர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். போதகர் அன்று ஒரு கிராமத்து ஆராதனைக்குப் போயிருந்தார். எனக்கு ஒரு கேக் துண்டு கொடுத்தார்கள். செயலாளர் கன்னடத்தில் செல்லமாகக் கூப்பிட்டார்.

"பா புட்டா, வா, உட்காரு. பத்துக் கற்பனையும் தப்பில்லாம சொல்லி பிரைஸ் வாங்கினது நீதானே?"

"ஆமாங்கய்யா."

"ஒன்பதாவது எது, ஞாபகமிருக்கா?"

பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை அது. கடகடவென்று ஒப்பித்தேன். மூவரும் தலையாட்டி மெச்சினார்கள். பிறகு செயலாளர் மெதுவாகக் கேட்டார். ஐயா தண்ணீர் வைக்கும்போது மாமாவின் தாடையில் கட்டு இருந்ததா, இல்லையா?

"இருந்துச்சுங்கய்யா. அப்பா கட்டியிருந்தாங்க."

அதை எழுதினார்கள். எங்கே கையெழுத்து என்று காட்டினார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று செயலாளர் மற்ற இருவருக்கும் காட்டினார். நான் சின்னப் பையன் என்பதால் பெற்றோரில் ஒருவரும் போட வேண்டும் என்று வெளியே நின்ற அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். அம்மா மை டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன கண்ணு எழுதியிருக்குது?"

வாசித்துக் காட்டினேன். எங்கும் திக்கவில்லை. அந்த வயதில் தமிழை அவ்வளவு வேகமாக வாசிக்கும் பையன் எங்கள் சந்தில் வேறு யாரும் கிடையாது. வாசித்து முடித்து நிமிர்ந்தால், அம்மாவின் முகம் என்னவோபோல் இருந்தது.

"பையன் சொன்னதைத்தான் எழுதியிருக்கும்மா," என்றார் செயலாளர். "பொய்யின்னா நீங்களே சொல்லுங்க. அடிச்சிடறோம்."

அம்மா வாயைத் திறந்தாள். பிறகு மையில் விரலை வைத்தாள்.

வீட்டில் அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அப்பா மட்டும், "படிக்க வெச்சோமில்ல, நல்லாத்தான் படிச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நானும் அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன். அம்மா சோறு போட்டாள். ஆனால் அன்றிலிருந்து நான் பக்கத்தில் இருந்தால் யாரோடும் எதையும் பேசமாட்டாள். நான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிடும்.

பேராயர் அலுவலகத்தில் கேட்டபோது போதகர் எதையும் மறுக்கவில்லையாம். செத்தவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது, உயிரோடு இருந்ததாகப் பதிவேட்டில் எழுதியது இரண்டையும் ஒப்புக்கொண்டார். எங்கோ வடக்கே, தமிழே இல்லாத ஊருக்கு மாற்றினார்கள். பிரசங்கம் செய்யக் கூடாதாம், ஆபீஸ் வேலைதானாம். பதிவேட்டில் மாமாவின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார்கள். உடலைத் தோண்டவில்லை. சிலுவையை மட்டும் பிடுங்கிப் போட்டார்கள். ஒரு மழைக்காலம் கழிந்ததும் அந்த இடம் எதுவென்று அம்மாவுக்கே சரியாகத் தெரியவில்லை. இரண்டு மூன்று மேடுகளுக்கு நடுவில் குத்துமதிப்பாக உட்காருவாள்.

போதகர் கிளம்பிய காலையில் பிரிவு உபசாரமும் இல்லை, சால்வையும் இல்லை. போதகர் வீட்டு வாசலில் ஒரு மினி லாரி. அவர் மனைவி பாத்திர மூட்டையை அணைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எங்கள் சந்துக்காரர்கள் நாலைந்து பேர் கட்டிலும் பீரோவும் ஏற்றிக்கொடுத்தார்கள், அப்பாவும்தான். பீரோ முதுகில் ஏறியிருந்ததால் அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மா வரவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வேறு யாரிடமும் கேட்க முடியாததால் போதகரிடமே போய்க் கேட்டேன்.

"ஏங்கய்யா பொய் எழுதுனீங்க?"

கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பினார். கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் தலைமேல் வைத்தார்.

"உங்கம்மா அழுதாங்கடா," என்றார்.

நான் மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் மறுபடி கயிற்றைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டார். மூன்று பாஷை தெரிந்தவர், அங்கி போட்டவர், எங்களுக்குக் கற்பனைகளைச் சொல்லிக்கொடுத்தவர். அவருக்குப் போய் இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் போய்விட்டதே என்று, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன்.