குணலட்சுமி அழித்த திறப்பு

உரும்பிராய்க் குணலட்சுமிக்கு எதையும் பூட்டாமல் விட்டால் நித்திரை வராது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் நடத்தும் சிறிய அலுவலகம் ஒன்றுக்குப் பத்து வருடமாக அவர்தான் பொறுப்பு. சாட்சி சொல்பவரின் பெயர் வெளியே கசிந்தால் என்னவாகும் என்று அவருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல்போன அவருடைய மகன் கோகுலனும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பட்டியலில் இருக்கிறான்.

வெளிநாட்டுச் சாட்சிகள் இரகசியமாக எழுதுவதற்கு, அங்கே வேலை செய்யும் தனுசியா அலுவலக இணையப் பக்கத்தில் 'பொதுத் திறப்பு', அதாவது பொதுச் சாவி, என்று ஒன்றைப் போட்டிருந்தாள். அதைக் கொண்டு எவரும் கடிதத்தைப் பூட்டலாம்; திறக்கிற இரகசியத் திறப்பு அவளுடைய கணினியில் மட்டும் இருக்கும். பெயர்தான் திறப்பு, செய்கிற வேலையோ பூட்டின் வேலை. பெயர் வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்!

தனுசியா பிரசவ லீவில் போன பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்த குணலட்சுமி பதறிப்போனார். அலுவலகத் திறப்பை ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டிக்கொண்டிருப்பதா? தட்டித் தடவித் தானே அதை அழித்துவிட்டார். அன்று அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பை மட்டும் வாசிக்க முடிந்தது: 'உரும்பிராய்க் கோகுலன். என்னோடு இருந்தவர்.' உள்ளே ஒன்றும் விளங்காத எழுத்துக் குவியல். தனுசியாவுக்குப் போன் எடுத்தார். அவள் பச்சைக் குழந்தையோடு ஓட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள்.

தன்னுடைய இரகசியத் திறப்பைக் கொடுத்துப் பார்த்தாள், திறக்கவில்லை. திறப்புகளின் அடையாள எண்களை ஒப்பிட்ட பிறகுதான் காரணம் தெரிந்தது. அலுவலகப் பக்கத்தில் ஒன்றும் இல்லாததால், எழுதியவர் இணையத்தில் வேறெங்கோ கிடந்த அவர்களுடைய பழைய பொதுத் திறப்பால் பூட்டியிருந்தார். அதற்குரிய இரகசியத் திறப்பு, வெள்ளத்தில் நனைந்து பழுதான மடிக்கணினியோடு எப்போதோ போய்விட்டது.

"பக்கத்திலை போட்டிருந்ததை ஆர் அன்ரி எடுத்தது?"

"நான்தான் பிள்ளை. திறப்பைக் கண்டவன் நிண்டவனெல்லாம் எடுத்துப்போடுவான் எண்டு..."

தனுசியாவுக்கு வந்த கோபம், அந்த முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இப்போதைய பொதுத் திறப்பை இணைத்து, அதனால் பூட்டித் திரும்ப அனுப்பும்படி அவருக்கு உடனே எழுதினாள்.

இரண்டு கிழமை கழித்துப் பதில் வந்தது. எழுதியவரின் மகள் அனுப்பியிருந்தாள். அப்பா போன வெள்ளிக்கிழமை புற்றுநோயால் காலமாகிவிட்டார். அந்த நாட்களைப் பற்றி வீட்டில் ஒருவரோடும் கதைத்ததில்லை. கடிதத்தின் பிரதியும் இல்லை.

பெற்ற பிள்ளையின் சேதியைத் தன் கையாலேயே பூட்டிவிட்டார் குணலட்சுமி. கதிரையை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் இருந்தார்.

"இதுக்குள்ளைதானே பிள்ளை எழுதிக் கிடக்கு?"

"ஓம் அன்ரி."

அந்த எழுத்துக் குவியலின் மேல் விரலை வைத்து, வரிவரியாகக் கீழே இறங்கினார்.

"அவன் இருக்கிறானோ இல்லையோ எண்டுறது எந்த வரியிலை எண்டாவது சொல்லு."