அத்தையின் பரணும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

மண் உதிர உதிரப் பிடுங்கிய வேர்க்கடலைச் செடியின் வாசனை, மழை வாசனைக்குப் பங்காளி. எங்கள் பக்கம் ‘மல்லாட்டை’ என்று சொல்லும் அந்தப் பயிரை நிலத்தில் ஈரம் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிக் காயப் போட்டபின் மழையில் நனைந்தால் காய் கறுத்து முளைவிட்டுவிடும். அதனால் புரட்டாசிக் கடைசியில் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

நிலத்தின் ஓரத்தில் பன்றி விரட்டக் கட்டிய பரண் ஒன்று இருந்தது. அதில் ஏறினால் புளியமரங்களைத் தாண்டி, மேற்கே ஜவ்வாது மலை தெரியும். ஏறுகிறவள் அப்பாவின் அக்கா, குப்பம்மா அத்தை. ஒரு வருடம் மழை வரும் என்று அவள் சொல்ல, அப்பா ஆட்களைத் திருப்பி அனுப்ப, ஒரு தூறல்கூட விழாமல் நிலம் இறுகிப்போய், பாதிக் காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதிலிருந்து அவளுக்கு ஊரில் ‘ரேடியோ’ என்று பெயர்.

அடுத்த வருடம், பிடுங்கத் தொடங்கிய நாளில், காலையிலேயே பாதி நிலம் பிடுங்கியாகிவிட்டது. வானம் பளிச்சென்று இருந்தது. அத்தை பரணில் ஏறினாள்.

“இன்னாக்கா, மானம் உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லி அனுப்புதா?” என்றாள் ஆட்களை அழைத்து வந்திருந்த செல்லி. பெண்கள் சிரித்தார்கள்.

அத்தை மேலிருந்தே சொன்னாள்: “ஜவ்வாது மலை மறைஞ்சுபோச்சு. காத்தும் மேக்கால திரும்பிடுச்சு. இது ரெண்டும் நான் பாத்தது. சாயங்காலத்துக்குள்ள மழை வரும்னு தோணுது. தோணுறது தப்பாவும் போவும். போன வருஷம் போச்சு இல்ல?”

“அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற?” என்றார் அப்பா எரிச்சலாக.

“புடுங்கினது போதும், கட்டி ஊட்டுக்கு ஏத்து. மழை வரலன்னா மிச்சம் இறுகிப்போவும், என்னைத் திட்டு. வந்துட்டா, தரையில கெடக்கிறது அத்தனையும் போச்சு.”

அப்பா வானத்தைப் பார்த்தார். அது அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. செல்லிதான் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். “பாத்தது இது, தோணுறது இதுன்னு பிரிச்சு சொல்றாங்க. எங்க ஊட்டுக்காரு ஒருநாளும் அப்டி சொன்னதில்ல. கட்டுங்கடி!”

கடைசிக் கட்டு தாழ்வாரத்துக்குள் வந்தபோது மழையும் வந்துவிட்டது. “நீ சொன்னபடியே வந்துடுச்சுக்கா” என்றார் அப்பா. அத்தை முந்தானையைப் பிழிந்துகொண்டே, “நான் சொன்னதுக்கு அது வரல. வந்துச்சு, அவ்ளோதான்” என்றாள்.

பின்னாளில் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை கோப்பு தள்ளினேன். மேலதிகாரிக்குப் பிடிக்காத குறிப்பு ‘ஸ்பெகுலேட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லோடு கீழே திரும்பும். அடிப்படை இல்லாத ஊகம் என்று பொருள். அதற்கு விளக்கம் கேட்கும் வழக்கமில்லை; மேல்முறையீடும் கிடையாது. அதை எழுதியவர்கள் எவரும் இருக்கையை விட்டு எழுந்து ஜன்னல்வரை போனதாக எனக்கு நினைவில்லை.

ஓய்வுபெற்றபின் அகராதியைப் புரட்டினேன். அதன் வேர், லத்தீனில் பார்ப்பதைக் குறிக்கும் சொல்லாம். காவல் பரணுக்கும் லத்தீன் பேசியவர்கள் அதிலிருந்தே பெயர் வைத்திருக்கிறார்கள். பார்ப்பது யோசிப்பதாகி, யோசிப்பது ஊகிப்பதாகி, கடைசியில் சந்தைச் சூதாட்டம்வரை அச்சொல் இறங்கி வந்திருக்கிறது. படியேறிப் பார்த்தவர்களுக்கு உரிய சொல்லை, ஏறாதவர்கள் வசையாக்கி வைத்திருந்தார்கள். என் வாழ்நாளில் அச்சொல்லுக்குத் தகுதியாக நான் பார்த்தது அத்தை ஒருத்தியைத்தான். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

பரண் நின்ற இடத்தில் இப்போது கிரிவலம் வருகிறவர்களின் வண்டிகள் நிற்கின்றன. மழைக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று கைப்பேசி சொல்கிறது. அதில் பார்த்தது எது, தோன்றியது எது என்று சொல்வதில்லை.

போன வாரம் மாடியில் வடாம் காயப் போட்டிருந்த மனைவி, “மழை வருமாங்க?” என்றாள். தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறி மேற்கே பார்த்தேன். புது அடுக்குமாடி ஒன்று மலையை முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது.

“ஒண்ணும் தெரியல. அதனால ஒண்ணும் தோணல” என்றேன்.

“அதை இவ்ளோ சுத்தமா ஒத்துக்கிட்டீங்களே, அதுவே அதிசயம்” என்று சொல்லிவிட்டு, அவள் வடாத்தை வாரத் தொடங்கினாள்.