மூன்று சோப்பு உறைக்கு ஒரு வாழ்த்து

நாலு எழுத்துப் படித்தவள் என்ற திமிரில் நான் செய்த காரியம் இது.

இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு ஒரே தம்பி. "நீயும் வாக்கா, இந்தியாவுக்கே போயிருவோம்" என்று மாமா கூப்பிட்டபோது அம்மா மறுத்துவிட்டாள். பெரிய சண்டை. அவர் கோபித்துக்கொண்டு தனியாகக் கப்பலேறினார். கடிதம் இல்லை, முகவரியும் இல்லை. திருச்சிப் பக்கம் ஒரு டீக்கடையில் ஞாயிறுதோறும் கொழும்பு ரேடியோ கேட்கிறார் என்று, ஊர் போய் வந்த ஒருவர் சொன்னார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அந்த ரேடியோவில் ஞாயிற்றுக்கிழமை வாழ்த்து நிகழ்ச்சி ஒன்று இருந்தது. ஒரு சோப்புக் கம்பெனி காசு கொடுத்து நடத்தியது. அவர்களுடைய சோப்பு உறை மூன்றை வைத்து எழுதினால் நம் வாழ்த்தை வாசிப்பார்கள். கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கவே யோசிக்கிற அம்மா, மாதம் ஒன்றாக மூன்று வாசனை சோப்பு வாங்கினாள்.

எழுதியது நான். லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் அம்மாவைக் கூப்பிடும் பெயர் ரேடியோவில் வந்தால் மானம் போய்விடும் என்று நினைத்தேன். தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் இருக்கிற பெயரை எழுதினேன். தோட்டத்துக்கும் நாங்கள் சொல்லும் தமிழ்ப் பெயரை விட்டுவிட்டு, துரை எழுதும் இங்கிலீஷ் பெயரைப் போட்டேன். மாமாவுக்கும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர். அது ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும்.

பக்கத்து டவுன் ராகலையில், முஸ்லிம் நானா ஒருவரின் கடை வாசலில் நின்று கேட்டோம். வாசித்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தினமும் தபாலுக்குக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"இன்னொரு வாட்டி எழுது" என்றாள். அதற்குள் வெளிநாட்டுச் சாமான்களுக்குத் தடை வந்துவிட்டது. ரேடியோவில் முதலில் பிளேடு விளம்பரம் நின்றது, பிறகு பால்மா, பிறகு சோப்பு. வாழ்த்து நிகழ்ச்சியையும் காணவில்லை.

"சோப்பே வாறதில்ல புள்ள, விளம்பரத்துக்கு எவன் சல்லி குடுப்பான்?" என்றார் கடைக்கார நானா. "சல்லி இல்லாட்டி ஒங்கட வாழ்த்தும் இல்ல."

இரண்டு வருஷம் கழித்து மாமாவின் மனைவி எழுதிய கடிதம் வந்தது. மாமா இறந்துவிட்டார். அந்த நிகழ்ச்சி நிற்கிற வரை ஒரு ஞாயிறுகூட அவர் தவறவிடவில்லையாம். ஒருநாள் தன் பெயருள்ள யாரோ ஒருவருக்கு அக்கா வாழ்த்துச் சொன்னதைக் கேட்டு, "குடுத்து வச்சவன்" என்று சொல்லிக் கலங்கினாராம்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். என் வீம்பு எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லி அழுதேன். ஒரு அடி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அம்மா அடிக்கவில்லை. "செக்ரோல் பேரு அவனுக்கு எப்புடிடி தெரியும்?" என்றாள். "பொறந்ததுலருந்து என்னைய அக்கான்னு மட்டுந்தானே கூப்பிட்டான்."